ஈரச் சாக்கு

ஆலைக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டு வாசலில் ஈரச் சாக்கு தொங்குகிறதோ, அந்த வீட்டில் மூணாம் ஷிப்ட் முடித்து வந்த ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். யாரும் கூடிப் பேசிச் செய்த ஏற்பாடு இல்லை. வெயிலுக்காக நனைத்துத் தொங்கவிட்ட சாக்கு நாளாவட்டத்தில் அடையாளமாகிவிட்டது. தயிர்க்காரி அந்த வாசலைக் கூவாமல் கடப்பாள். வீராம்பட்டினத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரி, சாக்கைக் கண்டால் என்ன மீன் என்பதைக் கையாலேயே காட்டுவாள். சைக்கிளில் வருகிறவர்கள் மணியில் கை வைக்கமாட்டார்கள்.

ஆதிமூலம் வீட்டுச் சாக்கு, எண்பத்தியொன்றாம் வருஷக் கோடை முழுவதும் இறங்கவே இல்லை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் என்று மாறி மாறி வருவதுதான் முறை. தறிகள் ஓடும் வீவிங் பகுதியில் ஆள் போதவில்லை என்று அவரை ராத்திரியிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். காலையில் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் தலையெல்லாம் பஞ்சோடு வருவார். கிணற்றடியில் நின்று குளிப்பார். பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பாயில் சாய்வார். அதற்குப் பிறகு சாயங்காலம்வரை அந்த ஒற்றை அறை வீட்டில் சத்தம் கூடாது. அறையின் ஒரு பக்கம் பாய். மறுபக்கம் அடுப்பு, தண்ணீர்த் தவலை, டிரங்குப் பெட்டி. இரண்டுக்கும் நடுவில் அவர் மனைவி தனக்கொடியும், இரண்டரை வயது மகள் சுலோசனாவும்.

முன்பெல்லாம் தனக்கொடி இவ்வளவு கெடுபிடி செய்ததில்லை. குழந்தை ஓடும், கத்தும், "உஷ், அப்பா தூங்கறாரு" என்பாள், கொஞ்ச நேரம் அடங்கும், திரும்ப ஓடும். அதெல்லாம் கோவிந்தராசுவுக்குக் கை போவதற்கு முன்பு. கோவிந்தராசு, ஆதிமூலத்துக்குப் பக்கத்துத் தறிக்காரர். பங்குனி மாதம் ஒரு விடியற்காலையில் நின்றபடியே கண்ணசந்துவிட்டார். கை பல்சக்கரத்துக்குள் போய்விட்டது. வலது கையில் இரண்டு விரல் இல்லை.

அன்றைக்கு ஆதிமூலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சட்டையில் ரத்தம் இருந்தது. அவருடையது இல்லை. குளிக்காமல் அப்படியே படுத்தார். நடுப்பகலில் சுலோ, தவலை மேலிருந்த பித்தளைச் சொம்பைத் தட்டிவிட்டது. சொம்பு விழுந்து உருண்டு ஓடிய அதே நேரத்தில் அவர் அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். தனக்கொடி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆலையில் பேசுகிறவர் மாதிரி உரத்த குரலில் சொன்னார்.

"தூக்கம் இல்லன்னா என் கையும் இப்படித்தான் போவும்."

அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை, திட்டவில்லை. ஆனால் தனக்கொடியின் மனசில் சொம்பும் கையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டன. குழந்தை சத்தம் போட்டால் அவர் விழித்துக்கொள்வார். விழித்துக்கொண்டால் ராத்திரி தறியில் கண்ணசருவார். கண்ணசந்தால் கை. எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் அது கையில்தான் வந்து நின்றது. மூலக்குளத்துக்கு அப்பால் கழனி வேலை செய்த வீட்டில் பிறந்தவள் அவள். தறி எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காததால் அது ராத்திரிக்கு ராத்திரி வளர்ந்துகொண்டிருந்தது.

குழந்தையின் கொலுசிலிருந்துதான் ஆரம்பித்தாள். ஆதிமூலம் கை துடைக்க ஆலையிலிருந்து கொண்டுவரும் கழிவுப் பஞ்சை எடுத்து, கொலுசின் மணி ஒவ்வொன்றிலும் ஊக்கால் திணித்தாள். மணி ஊமையானது. தகர டப்பா, மூடி, கரண்டி எல்லாம் பரணுக்குப் போயின. சத்தமில்லாத விளையாட்டுகளாகத் தேடிப் பிடித்தாள். பழந்துணியில் புளியங்கொட்டையைக் கொட்டிப் பொறுக்கவிடுவாள். சாக்கு காய்ந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், வாளியில் கைவிட்டு அதன்மேல் தெளிக்கச் சொல்வாள். சுலோவுக்கு அது பிடித்திருந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவையும் தூக்கிக்கொண்டு போவாள். வெளியே கூட்டிப்போகலாம் என்றால் கத்திரி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் செய்தும், இரண்டரை வயது இரண்டரை வயதுதானே. சோற்றைத் தானே பிசைய வேண்டும். பிசைந்ததை உண்ணாது. கவுனைத் தானே போட வேண்டும். தலை கைத்துளையில் மாட்டிக்கொள்ளும், உதவிக்கு வந்தால் உதறும். உதட்டைப் பிதுக்கி மூச்சை உள்ளே இழுக்கும்போதே தனக்கொடி பாயைத் திரும்பிப் பார்ப்பாள். கன்னத்தின் உட்பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொள்வாள். குழந்தைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் காதோடு, "மெதுவா, மெதுவா, என் தங்கம்" என்பாள். அடித்ததில்லை. ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை.

கிணற்றடியில் பெண்கள் அவளை மெச்சினார்கள். அடுத்த வீட்டு மணியம்மாள், "என் பசங்களை ஒருநாள் உங்கிட்ட விடறேன் கொடி, அடக்கிக் குடு. நான் தொடப்பக்கட்டை தேயத் தேய அடிச்சும் ஒண்ணும் ஆவல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தனக்கொடியும் சிரித்தாள். பொறுமைசாலி என்று அந்தத் தெருவில் அவளுக்குப் பேர் ஏற்பட்டுவிட்டது.

முனை வீட்டு ஜெர்மேன் மட்டும் மெச்சவில்லை. அவள் புருஷன் தொமினிக் பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் சொல்தா, அவள் மதாம். சொல்தா செத்த பிறகும் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. தெருவிலேயே ஐஸ்பெட்டி உள்ள ஒரே வீடு அவளுடையது. ஒருநாள் வழிமறித்துக் குழந்தையின் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள்.

"இது பேசி நான் கேட்டதே இல்லியேடி. வாய் வருதா, இல்லியா?"

பேசும், மெதுவாகத்தான் பேசும் என்று தனக்கொடி சொன்னாள்.

"மெதுவாப் பேசற வயசா இது? கோயில்ல பூசை நேரத்துலகூட இந்த வயசுப் புள்ளைங்க கூரையைப் பிரிக்குதுங்க."

தனக்கொடி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மதாமுக்கு என்ன தெரியும், அவள் வீட்டில் தறிக்காரரா இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் சொன்னது உண்மை. முன்பு காக்காயைக் கண்டால் தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்ட குழந்தை, இப்போது காக்காயைப் பார்த்தால் அம்மாவின் காதருகே வாயை வைத்து, காற்றாக, "காக்கா" என்றது.

குழந்தையின் வாயை அவள் முதன்முதலில் பொத்தியது வைகாசி பிறந்த பிறகு. ஆதிமூலத்தின் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்று சுலோ அடம்பிடித்தது. சிமெண்டுத் தரையில் செருப்பு படார் படார் என்று அடித்தது. தனக்கொடி கழற்றினாள். குழந்தை மூச்சை இழுத்தது. பாயில் அவர் ஒருக்களித்துப் புரண்டார். அந்த நொடியில் தனக்கொடியின் உள்ளங்கை குழந்தையின் வாய்மேல் இருந்தது. அழுத்தவில்லை, மூடத்தான் மூடினாள். உள்ளே அழுகை சூடாக அடித்தது. கைக்கு மேலே இரண்டு கண்கள் அவளையே பார்த்தன. கையை எடுத்தபோது குழந்தை அழவில்லை.

பலித்துவிட்டது. அதுதான் மோசம். அடுத்த நாளும் பலித்தது. பிறகு கையைத் தூக்கினாலே போதும் என்றாயிற்று. அதற்கும் பிறகு, அழுகை வருகிறபோது சுலோ தன் சின்ன உள்ளங்கையைத் தானே வாயில் வைத்துக்கொண்டது.

அதைப் பார்த்தபோது தனக்கொடிக்குப் பகீரென்றிருக்க வேண்டும். இருக்கவில்லை. அதற்குள் அவளுக்கு எல்லாம் மரத்துப்போயிருந்தது. சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் நம்முடையதுதானா என்று தெரியாதே, அப்படி. சோறு வடித்தாள், கூட்டினாள், நனைத்தாள், "மெதுவா, மெதுவா" என்றாள். ராத்திரி அவர் போன பிறகு படுத்தால் விடிகிறவரை கண் திறந்தே இருந்தது. காலைச் சங்கு ஊதியதும் வாசலில் நின்று, தெருமுனையில் திரும்புகிற ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டாள். கைகளைப் பார்ப்பாள். இரண்டும் முழுசாக இருந்தால் உள்ளே போய்ப் பழையதைக் கரைப்பாள்.

ஆனித் தொடக்கத்தில் ஒருநாள் மத்தியானம். தனக்கொடி அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து மீன் அலசிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் குழந்தை புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தது. பாயில் அவர் முகத்தைத் துண்டால் மூடித் தூங்கினார். வீடு அமைதியாக இருந்தது. இன்றைக்குச் சுலோ சமர்த்தாக இருக்கிறது என்று நினைத்தாள். மீனை அலசி, உப்புப் போட்டு, இன்னொரு தண்ணீர் மாற்றி அலசினாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

சுலோ டிரங்குப் பெட்டியருகே நின்றுகொண்டிருந்தது. பெட்டிமூடி விழுந்து இடது கை விரல்கள் உள்ளே மாட்டியிருந்தன. வலது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டி, பொத்திய கை நனைந்திருந்தது. காலடியில் மூத்திரம் ஓடிப் பாய்வரை போயிருந்தது. அப்படி எவ்வளவு நேரம் நின்றதோ தெரியாது. சத்தமே இல்லை.

தனக்கொடி மூடியைத் தூக்கினாள். விரல்கள் நசுங்கவில்லை, நீலம் பாரித்துத் தடித்திருந்தன. குழந்தையை மடியில் போட்டு, வாயிலிருந்த கையை விலக்கினாள். அது திரும்ப வாய்க்குப் போனது. மறுபடி விலக்கினாள்.

"கத்து சுலோ. கத்துடி கண்ணு. வலிக்குதுன்னு கத்து."

குழந்தை பாயைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது.

அப்போது தனக்கொடி கத்தினாள். அது தன் குரல் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. யாரோ தெருவில் கத்துகிற மாதிரியும் தான் உள்ளே உட்கார்ந்து கேட்கிற மாதிரியும் இருந்தது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் கத்தினாள். ஈரச் சாக்கை விலக்கிக்கொண்டு மணியம்மாள் ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர். மாவு பிசைந்த கையோடு ஜெர்மேன் வந்தாள். கையா, கையா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஆலைக்காரர் வீட்டில் அலறல் கேட்டால் முதலில் அதுதானே. தனக்கொடி குழந்தையின் விரல்களைக் காட்டினாள். ஜெர்மேன் ஒரு பிள்ளையை ஓடச் சொல்லித் தன் பெட்டியிலிருந்து ஐஸ் கொண்டுவரச் செய்தாள். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்றாள். குழந்தை ஐஸ்கட்டியைப் பிடித்தபடி விக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன வீட்டில் ஐந்தாறு பெண்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மணியம்மாள்தான் முதலில் கவனித்து வாயில் விரல் வைத்தாள். பேச்சு நின்றது. எல்லோரும் பாயைப் பார்த்தார்கள்.

ஆதிமூலம் தூங்கிக்கொண்டிருந்தார். முகத்துத் துண்டு மூச்சுக்கு ஏறி இறங்கியது. புரண்டுகூடப் படுக்கவில்லை.

"ஆறு வீடு தாண்டி நான் ஓடியாந்தேன்" என்றாள் ஜெர்மேன். கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். உள்ளங்கைகளை அவர் காதருகே சேர்த்து ஒரு தட்டுத் தட்டினாள். மாவு உதிர்ந்தது. அவர் தூங்கினார். அவள் நிமிர்ந்து, வழக்கமான கேலி ஒன்றும் இல்லாமல் சொன்னாள்.

"எங்க சொல்தாவும் கடைசியில இப்படித்தான்டி தூங்குவாரு. அவர் காதைப் பீரங்கி தின்னுடுச்சு. இவருக்குத் தறி."

எல்லோரும் போன பிறகு தனக்கொடி தரையைத் துடைத்தாள். அழுகை வரவில்லை. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது, அதுவும் வேறு யாருடைய விஷயம் மாதிரி வந்தது. அவர் எப்போதும் உரக்கப் பேசுவார். அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. அதைச் சலிப்பு என்று எடுத்துக்கொண்டாள். பேசும்போது அவள் உதட்டையே பார்ப்பார். கல்யாணமான புதிதில் அதற்குத் தலை குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் அவரை எழுப்பியது சுலோதான். ஜெர்மேன் மறுபடி கொடுத்தனுப்பிய ஐஸில் கரைந்து மிஞ்சிய துண்டை அவர் உள்ளங்காலில் வைத்தது. அவர் துள்ளி எழுந்து, "யாரு அது, கூரை ஒழுகுதா?" என்று அதட்டினார். குழந்தை அவரைப் பார்த்துத் தன் உதட்டில் விரல் வைத்து, "உஷ். அப்பா தூங்குது" என்றது, காற்றாக.

"என்னா சொல்லுது?" என்று தனக்கொடியைக் கேட்டார்.

அவள் எழுந்து அவர் முதுகுப் பக்கம் போய் நின்றாள். சாதாரணமாகப் பேசுகிற குரலில், "காப்பி வேணுமா?" என்றாள். அவர் திரும்பவில்லை. குழந்தையின் தடித்த விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"காது கேக்கலியா உங்களுக்கு?"

அவர் அவள் வாயைப் பார்த்தார்.

"கேக்குது. முன்ன மாதிரி இல்ல. வீவிங்ல யாருக்குடி கேக்குது? மேஸ்திரிக்கே வாயைப் பாத்துத்தான் பதில் சொல்றோம்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அது உனக்கு வேற ஒரு பயம்."

"அப்ப அன்னிக்கு சொம்பு விழுந்து எழுந்தீங்களே."

"எந்தச் சொம்பு?"

தனக்கொடி தவலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"கோவிந்தராசு கை வந்துச்சு கனவுல, அதான் எழுந்தேன்" என்றார். இன்னமும் வருவதாகவும், வந்தால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தே கிடப்பதாகவும் அப்புறம் மெல்லச் சொன்னார். அவருக்கு மெல்ல என்பது மற்றவர்களுக்குச் சாதாரணக் குரல்.

குழந்தையின் விரலில் அவர் விரல் தெரியாமல் அழுந்தியது. அது முகத்தைச் சுளித்து, உடனே வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டது.

"இது ஏன் வாயைப் பொத்திக்குது?"

"நான்தான் பழக்கினேன்" என்றாள் தனக்கொடி. சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அவருக்கு எட்டவில்லை என்று தெரிந்தது. அப்படியே விட்டுவிடலாம். ஒரு நிமிஷம் விட்டும் வைத்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, முகத்துக்கு நேரே, அதே வார்த்தைகளை மறுபடி சொன்னாள். அவர் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சங்கு ஊதுகிறவரை இறக்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு கைகளோடு வந்தார், குளித்தார், படுத்தார். தனக்கொடி வழக்கம்போலச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டாள். வெயில் வெயில்தானே. அடுப்பில் உலை வைத்தாள். சுலோவை மடியில் உட்காரவைத்து, ஊக்கை எடுத்துக் கொலுசு மணிகளிலிருந்து பஞ்சைக் கிளறி எடுத்தாள். பஞ்சு அழுக்கேறி இறுகிப்போயிருந்தது. சில மணிகளுக்குள் முத்தே இல்லை, எப்போதோ விழுந்துவிட்டிருக்கிறது. மிச்சம் இருந்தவை போதும். குழந்தையை இறக்கிவிட்டாள்.

சுலோ ஓர் அடி வைத்தது. ஜல் என்றது. அது திடுக்கிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டது. கை வாய்க்குப் போனது. பாயைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

போடு, நட, ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வந்தது. தனக்கொடி சொல்லவில்லை. இத்தனை நாள் சொன்னதே போதும் என்றிருந்தது. உலை கொதித்து மூடி தடதடத்தது. எழுந்து போய் இறக்கவில்லை.

வாசலில் நிழல் தட்டியது. மீன்காரி சாக்கை ஓரமாக விலக்கி, விரலை நெளித்துக் காட்டினாள்.

"வாயைத் தொறந்து சொல்லு, என்னா மீனு?" என்றாள் தனக்கொடி, முழுக்குரலில்.

மீன்காரி பதறிப்போய்ப் பாயை எட்டிப் பார்த்தாள். "அண்ணன் தூங்கலியா?" என்று கிசுகிசுத்தாள்.

"தூங்கறாரு."

"சங்கரா" என்றாள் மீன்காரி, பாதிக் குரலில். பிறகு, என்ன நினைத்தாளோ, தெருவில் கூவுகிற குரலிலேயே, "சங்கரா மீனு" என்றாள்.

சுலோ மீன்காரியைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. துண்டு ஏறி இறங்குவதை வெகுநேரம் பார்த்தது. தனக்கொடி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்து புகைந்தது.

கால் தரைக்கு இறங்கியது. கை இன்னும் வாயில்தான் இருந்தது.